கம்பம் நட்ட ஊரின் இரண்டு பிள்ளைகள்

உங்கள் பள்ளிச் சுவரில் ஓர் உலக உருண்டை வரைந்திருக்கும். அதைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள். ஒருவனுக்குத் தலைப்பாகை, ஒருத்திக்குச் சுருட்டை முடி, இன்னொருத்திக்குச் சின்னக் கண். கீழே ‘நாம் உலகக் குடிமக்கள்’ என்று எழுதியிருக்கும். எங்கள் பள்ளிச் சுவரிலும் இருந்தது. வரையச் சொன்னவளே நான்தான். அந்தப் படத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. நன்றாகப் பாருங்கள், அந்தப் பிள்ளைகள் எல்லாரும் உருண்டைக்கு வெளியே மிதந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் காலும் எந்த ஊரிலும் படவில்லை.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு நயமாகப் பேசத் தெரியாது. பயிற்சி வகுப்பில் பன்முகப் பண்பாட்டுக் கல்வி பற்றி உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பல்லடம் பக்கம், வீரபாண்டிக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள்.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஊர்க்காரப் பிள்ளைகள். மீதிப் பாதி லைன் வீட்டுப் பிள்ளைகள். பனியன் கம்பெனிகளும் சாயப் பட்டறைகளும் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள்தான் லைன் வீடு. தேனிக்காரர்கள், சிவகங்கைக்காரர்கள், ஒடிசா, பீகார், அசாம் என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள். விந்தியத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை என்றால் ஊருக்குள் ஒரே பெயர்தான், ‘இந்திக்காரப் புள்ள’.

சுபத்ரா அப்படிப்பட்ட ஒருத்தி. அவள் அப்பா சாயப் பட்டறையில் இருந்தார், அம்மா தைத்த துணியைச் சரிபார்க்கும் பீஸ் செக்கிங் வேலைக்குப் போனாள். மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது அவளை மற்ற வடக்கத்திப் பிள்ளைகளோடு உட்கார வைத்து, இந்தி தெரிந்த ஒரு டீச்சர் இந்தியில் பேசிப் பார்த்தார். பிள்ளை திருதிருவென்று விழித்தது. பிள்ளைக்குப் படிப்பு மெதுவாகத்தான் ஏறும் போலிருக்கிறது என்று டீச்சர் என்னிடம் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு இந்தியும் தெரியாது, தமிழும் தெரியாது, ஒடியாதான் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எட்டாம் வகுப்பு வருவதற்குள் அவள் பேச்சைக் கேட்டால் எங்கள் ஊர்த் தோட்டத்தில் பிறந்தவள் என்று சத்தியம் பண்ணுவீர்கள்.

அவளுடைய கூட்டாளி நந்தினி. ஊர்க்காரப் பிள்ளை. அவள் அப்பா சொந்தமாகச் சின்னதாய் ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். அவளுடைய அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, மாரியம்மன் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். பிள்ளைகள் இரண்டும் எந்நேரமும் சண்டை போடும். விட்டுப் பிரியவும் பிரியாது.

அவர்கள் எட்டாம் வகுப்பில் இருந்த வருஷம் கோயம்புத்தூரில் ஓர் அமைப்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகக் குடிமக்கள் கண்காட்சிப் போட்டி என்று அறிவித்தது. இரண்டு நாள், நடுவில் ஓர் இரவு விடுதியில் தங்க வேண்டும். எங்கள் அறிவியல் ஆசிரியர் தேனிப் பக்கத்துப் பையன், வேலைக்குப் புதுசு, உங்களை மாதிரியே துடிப்பு. அவர் இந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வேலை செய்தார். கம்பெனிக் கழிவுத் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்து, போர்வை அளவுக்கு ஒரு வரைபடம். ஒரு பனியன் எங்கே பஞ்சாகி, எங்கே நூலாகி, யார் கையில் தையலாகி, எந்த நாட்டுக் கடைக்குப் போகிறது என்று நூலோட்டிக் காட்டியிருந்தார்கள். பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் சொந்த ஊரிலும் ஒரு பட்டன். உண்மையிலேயே அழகாக இருந்தது. நான் யாரையும் லேசில் புகழ்கிறவள் இல்லை. அதைப் புகழ்ந்தேன்.

கண்காட்சி மாசியில் வந்தது. மாசியில்தான் எங்கள் ஊரில் கம்பம் நடுவார்கள்.

வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னால், மூன்று கிளையாகப் பிரிந்த மரம் ஒன்றை வெட்டி வந்து கோயில் முன் நடுவார்கள். அதுதான் கம்பம். அதைப் பிடுங்கும் நாள் வரைக்கும் பெண்கள் விடியக் குளித்துவிட்டு மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் அதற்கு ஊற்றுவார்கள். கம்பம் நின்றிருக்கும் வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது, இதைத்தான் கட்டு என்பார்கள். எவ்வளவு பெரிய கம்பெனி முதலாளியானாலும் ராத்திரிக்கு ஊர் வந்து சேர்ந்தாக வேண்டும்.

நந்தினியின் அப்பா பள்ளிக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி, மறுக்கிறதைக்கூடக் கும்பிட்டு மறுப்பார்கள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சரம்மா. கம்பம் நட்டாச்சுங்க. பாப்பா ராத்தங்க முடியாதுங்க.”

“அப்ப போட்டிக்கு யாருங்க போறது?”

“அதுக்கென்னங்க, அந்த ஒடிசாப் பாப்பா இருக்குதல்லங்க. அவிங்களுக்குத்தேன் இந்தக் கட்டு இல்லீங்களே.”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. வழி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவர் போனதும் எங்கள் அறிவியல் ஆசிரியர் உற்சாகமாகிவிட்டார்.

“டீச்சர், இதுவும் நல்லதுக்குத்தேன். சுபத்ரா மட்டும் போகட்டும். வேற மாநிலத்துப் பிள்ளை வந்து பேசுச்சுன்னா ஜட்ஜுக அசந்துருவாங்கள்ல?”

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். உங்களில் எத்தனை பேர் இதையே செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வருஷம் குடியரசு தினத்துக்கு ஒடிசா உடை போட்டு வா என்று சுபத்ராவிடம் சொன்ன டீச்சர் இருந்தார். அவள், “எங்கிட்டச் சுடிதார்தானுங்க இருக்குது” என்றாள். பிள்ளையை மேடையில் மாதிரித் துண்டாக வைப்பதற்குப் பெயர் பன்முகப் பண்பாடு இல்லை. துணிக் கடையில் அதற்குச் சாம்பிள் என்று பெயர்.

சுபத்ராவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் மனதைத் தெரிந்துகொள்ள, நீ தனியாகப் போகிறாயா என்று கேட்டேன்.

“நானும் போமாட்டனுங் டீச்சர்.”

“ஏன் கண்ணு? நந்தினி இல்லாமப் பயமா?”

“அதில்லீங்க. கம்பம் நட்டிருக்குதல்லங்க. நானும் தெனமும் தண்ணி ஊத்தறனுங்க.”

எனக்கு இது புதுச் செய்தி. விசாரித்தபோது சொன்னாள். போன கோடையில் அவள் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. லைன் வீட்டில் ஒரே அறை, அம்மா வேலைக்கும் போகாமல் அழுதுகொண்டிருந்தாள். நந்தினி வீட்டிலிருந்து வேப்பிலை வந்தது, இளநீர் வந்தது. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். தம்பிக்குச் சுகமானது. அதனால் இந்த வருஷம் மகள் விடியக் குளித்துச் சொம்போடு வரிசையில் நிற்கிறாள்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது அதுதான்.

“டீச்சர், எனக்குக் கட்டு இல்லைன்னு நீங்க அனுப்பிச்சு நான் அங்க ராத்தங்கிட்டேன்னா, அப்பறம் வந்து தண்ணி ஊத்தலாமுங்களா?”

எனக்கு என் ஊர் ஞாபகம் வந்தது.

நான் குண்டடம் பக்கம் ஒரு காலனித் தெருவில் பிறந்தவள். கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் தெருப் பெண்கள் யாரும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், கம்பத்துக்குப் பக்கத்தில் போய்த் தண்ணீர் ஊற்ற முடியாது. ஆனால் கம்பம் நட்டுவிட்டால் ஊரைவிட்டு இராத்தங்கப் போகக் கூடாது என்கிற சட்டம் மட்டும் எங்களுக்கும் உண்டு. தோட்ட வேலைக்கு ஆள் வேண்டுமல்லவா! கட்டு எங்களுக்கு, கம்பம் அவர்களுக்கு. சுபத்ரா கதையில் அது தலைகீழாக நின்றது. அவள் தண்ணீர் ஊற்றினாள், கட்டு இல்லை என்றார்கள். இரண்டும் ஒரே பேச்சுதான். நீ இந்த ஊர் இல்லை என்பதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

மறுநாளே பேச்சு ஊருக்குள் பரவிவிட்டது. டீக்கடையில் சிரித்தார்களாம். ஒருத்தர் அதோடு நிற்காமல், லைன் வீட்டுப் பிள்ளையைக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறார். சுபத்ராவின் அம்மா பயந்துபோய், இனிமேல் போக வேண்டாம் என்று சொம்பை ஒளித்து வைத்துவிட்டாள். பிள்ளை பள்ளிக்கு வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. நந்தினி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரில் இருக்கிற எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தது.

போட்டியில் கலந்துகொள்வதை உறுதி செய்ய அன்று சாயங்காலம்தான் கடைசி. நான் என்ன செய்யலாம்? சுபத்ராவைச் சமாதானப்படுத்தி அனுப்பலாம், பள்ளிக்குப் பேர் வரும், அவள் தண்ணீர் ஊற்றுவது அதோடு முடியும். யாரையும் அனுப்பாமல் விடலாம், அப்போதும் அவள் ஊர்க்காரியா இல்லையா என்பது தீராது. இந்த வேலையில் நெருக்கடி என்பது இப்படித்தான் வரும். உங்கள் கையில் இருக்கும் இரண்டு முடிவும் பிள்ளையைத் தள்ளிவிடுகிற முடிவாக இருந்தால், மூன்றாவது முடிவு வேறு ஒருத்தர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அவரிடம் போய் நின்று கேட்க வேண்டும். அதற்கு நம் ஆட்களுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் கிடையாது.

பள்ளி விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் அறிவியல் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பந்தலுக்கு வெளியே ரோட்டில் நின்றேன். நந்தினியின் அப்புச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து ஆட்கள் இருந்தார்கள். பக்கத்துக் குழாயில் பெண்கள் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க டீச்சரம்மா, உள்ள வாங்க. ஏனுங்க ரோட்டுலயே நின்னுட்டீங்க?”

“இருக்கட்டுங்க. ஒரே ஒரு கேள்விதானுங்க பெரியவரே. இந்தப் புள்ள இந்த ஊரா, இல்லீங்களா?”

“அதெப்படீங்க பொசுக்குனு…”

“பொசுக்குனு ஒண்ணுமில்லீங்க. தண்ணி ஊத்துனா ஊரு. ஊருன்னா ராத்தங்கக் கூடாது. ஊரில்லீன்னா தண்ணி ஊத்தாதன்னு சொல்லிப் போடுங்க. ஆனா எங்கிட்டச் சொல்லாதீங்க. இவ மொகத்தப் பாத்து இவகிட்டயே சொல்லுங்க.”

பின்னாலிருந்து ஒருத்தர், “நாளைக்கே ரயிலேறிப் போயிட்டாங்கன்னா?” என்றார்.

“உங்க பையன் பெங்களூருக்குப் பஸ்ஸேறிப் போயிட்டானல்லங்க. அவன் ஊர வுட்டுத் தள்ளியாச்சுங்களா?” என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பெரியவர் என்னை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார்.

“ஏங் கண்ணு தண்ணி ஊத்தற?”

“தம்பிக்கு அம்மை வந்துச்சுங்க. அம்மா வேண்டிக்கிட்டாங்க.”

“உங்கூருல சாமியில்லியா?”

“இருக்குதுங்க. ஆனா தம்பிக்கு அம்மை இங்கதானுங்க வந்துச்சு.”

குழாயடியில் ஓர் அம்மா குடத்தை ‘ணங்’ என்று இறக்கி வைத்தாள்.

“இத்தன நாளா இவதான் எனக்கு முன்னால வந்து வரிசையில நிக்கறா. ஒரு நாளாச்சும் இவள முந்தலாம்னு பாத்தா முடியறதில்ல. ஆம்பளைகளுக்கு இப்பத்தேன் கண்ணு தெரியுதாக்கும்!”

பெண்கள் சிரித்தார்கள். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, சுபத்ராவிடம் கறாராகச் சொன்னார்.

“ராத்தங்கக் கூடாது கண்ணு. ரெண்டு பேரும்தேன். போகோணும்னாப் போய்ட்டு, வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும். தெரியுதா?”

எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ பரிசு கொடுத்திருக்கிறேன். கூடாது என்ற சொல்லைக் கேட்டு ஒரு பிள்ளை அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. நந்தினி, “இனிமே உனக்கும் வெனைதான், போ” என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

இந்தக் கட்டு நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அதன் மேல் ஆயிரம் கோபம் உண்டு, காரணத்தையும் சொல்லிவிட்டேன். நான் சொல்வது வேறு. ஓர் ஊரின் சட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தால்தான் அதை எதிர்த்துச் சண்டை போடவும் எல்லாருக்கும் உரிமை வரும். உனக்கு இது பொருந்தாது என்று அன்பாகச் சொல்லி ஒதுக்குகிறார்களே, அதுதான் ஆபத்து.

கோயில் வாசலிலேயே நின்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். இரண்டு நாளும் காலையில் வருவோம், சாயங்காலம் கிளம்பிவிடுவோம் என்றேன். எடுத்த அம்மணி இனிமையாகப் பேசினாள். முதல் நாள் இரவு பிள்ளைகள் கலந்து பழகும் நிகழ்ச்சி இருக்கிறதாம், அதற்குத் தனி மதிப்பெண்ணாம், இராத்தங்காமல் உலகக் குடிமகன் என்ற உணர்வு வராதாம்.

“எங்க புள்ளைங்க வருஷம் பூராக் கலந்துதான் கெடக்குதுங்க. அந்த மார்க்க நீங்களே வெச்சுக்கங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அறிவியல் ஆசிரியரின் முகம் சுருங்கிவிட்டது. பரிசு போய்விட்டது என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

நந்தினியின் அப்பா யூனிட் வேனைக் கொடுத்தார். பீஸ் மூட்டை ஏற்றுகிற வேன். பிள்ளைகள் வரைபடத்தை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். முதல் நாள் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நடுவர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் வெளிநாடெல்லாம் போய் வந்தவர், நல்ல மனுஷர், பிள்ளைகளிடம் குனிந்து பேசினார். சுபத்ராவின் முழுப் பெயரைப் படித்துவிட்டு, “நீ எந்த ஊரும்மா?” என்றார்.

“வீரபாண்டிக்குத் தெக்கங்க.”

“அது சரி. நெஜமா எந்த ஊர்?”

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அன்பாகத்தான் கேட்டிருப்பீர்கள். பிள்ளை எந்தப் பதிலைச் சொன்னாலும் போதாது என்று சொல்கிற கேள்வி அது. அறிவியல் ஆசிரியர் ஒடிசாவில் இருந்த பட்டனைக் கை காட்டப் போனார். சுபத்ரா அதற்குள் பதில் சொல்லிவிட்டாள்.

“கம்பம் நட்டிருக்கற ஊருங்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள போகோணுங்க. சீக்கிரம் பாத்துட்டுச் சொன்னீங்கன்னாத் தேவலைங்க.”

நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது பல்லடத்தில் மாட்டிக்கொண்டோம். கோழி ஏற்றிய லாரி ஒன்று முனையில் நின்றுபோய், முன்னேயும் பின்னேயும் பஸ்கள். வெயில் சரிந்துகொண்டிருந்தது. சுபத்ராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ராத்தங்கறதுதான்டி தப்பு. லேட்டாப் போனா ஒண்ணும் ஆகாது” என்றாள் நந்தினி.

“அப்புச்சி வெளக்கு வெக்கறதுக்குள்ளன்னு சொன்னாரல்ல?”

“எங்கப்புச்சிய எனக்குத் தெரியாதாக்கும்? நீ அவருக்கு மேல இருக்கறடி!”

என் வீடு பல்லடத்தில்தான், தினமும் அங்கிருந்துதான் பள்ளிக்கு வந்துபோவேன். அறிவியல் ஆசிரியர் அங்கே இறங்கிக்கொண்டார், என்னையும் இறங்கிக்கொள்ளச் சொன்னார் டிரைவர். பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்குள் நுழைந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோயில் முன்னால் பெரியவர் நாற்காலியைப் போடச் சொல்லி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி சுபத்ராவின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒளித்து வைத்த சொம்பு அவள் கையில் இருந்தது. தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

“மணி என்னாச்சு? சொன்ன பேச்சக் கேக்கற புள்ளைகளா நீங்க?” என்று பெரியவர் சத்தம் போட்டார். நந்தினி சுபத்ராவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். “அவ பின்னால எதுக்கு ஒளியற? அவளுந்தேன் வாங்கிக் கட்டோணும். ஏங் கண்ணு, ஊருக்கெல்லாம் சொன்னா உனக்குத் தனியாச் சொல்லோணுமா?”

“இல்லீங் அப்புச்சி. பல்லடத்துல கோழி லாரிங்க…”

“கோழி லாரியாம், கோழி லாரி. போங்க, ஊட்டுக்குப் போங்க. விடிய நேரத்துல தண்ணி ஊத்தோணும்.”

சம திட்டு. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். நாலு எட்டு போன சுபத்ரா திரும்பி வந்தாள்.

“ஏனுங் டீச்சர், நீங்க மட்டும் தெனமும் வெளியூருலதானுங்க ராத்தங்கறீங்க?”

பெரியவர் முந்திக்கொண்டு, “டீச்சரம்மாவுக்குக் கட்டு இல்ல கண்ணு, அவிங்க வெளியூரு” என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சங்கடப்பட்டு என்னைப் பார்த்தார்.

சுபத்ரா சரியென்று தலையாட்டிவிட்டு, “பாத்துப் போங் டீச்சர்” என்று எனக்கு விடை கொடுத்தாள். ஊர்க்காரர்கள் விருந்தாளிக்குச் சொல்வார்களே, அந்த மாதிரி. பிறகு அம்மா கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு நந்தினியோடு ஊருக்குள் போனாள்.

அந்த இடத்தில் வெளியூர்க்காரி நான் ஒருத்திதான். பல்லடம் பஸ்ஸுக்கு நின்றேன்.